கிரேக்க எழுத்து வீடுகளும் என் மகளின் கெமிஸ்ட்ரி மார்க்கும்

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடி வந்துகொண்டிருந்த நேரம். பார்க்கிங்கில் ஒரு தோழி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, பெரியவளுக்குக் காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. பை பீட்டா காப்பாவாம். பணம் கட்டிச் சேரணுமாம். ஃப்ராட்டு கிராட்டுன்னு இந்த வம்பெல்லாம் வேண்டாம்னு அவங்கப்பா சொல்லிட்டார். ஒரு வாரமா வீட்ல இதே பேச்சுதான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல போய் ஸ்வீட் வாங்கு" என்றேன். பை பீட்டா காப்பா என்பது அமெரிக்காவில் இளங்கலை படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பழைய கல்விக் கௌரவம். நாடு முழுவதும் சுமார் 290 கல்லூரிகளில்தான் அதற்குக் கிளை உண்டு. அங்கேயும் கலை, அறிவியல் படிப்புகளில் முன்வரிசையில் இருக்கும் கொஞ்சம் பேரைத்தான் அழைப்பார்கள். அந்தப் பெண் கண்விழித்துப் படித்ததற்கு வந்த கடிதம் அது. குப்பைக் கூடைக்குப் போக இருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தகப்பனைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. ஃப்ராட்டர்னிட்டி, சுருக்கமாக ஃப்ராட், என்பது இங்கே கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஒரு வீட்டில் கூடி வாழும் கல்லூரி ஆண்கள் சங்கம். பெண்களுடையது சொராரிட்டி. மூன்று கிரேக்க எழுத்தைச் சேர்த்துப் பார்த்தால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பீரும் கூச்சலும்தான். பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது ரேங்க் பார்க்கிறோம், ஃபீஸ் பார்க்கிறோம், வீட்டிலிருந்து எத்தனை மணி நேர டிரைவ் என்று பார்க்கிறோம். அங்கே போய் அது யாரோடு சாப்பிடும், இரண்டாம் வருடம் எந்த வீட்டில் தங்கும், ஞாயிறு ராத்திரி எங்கே உட்கார்ந்திருக்கும் என்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் பேசவில்லை. அதனால் நாங்கள் பட்டதையும் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்துக்கும் ஃப்ராட்டர்னிட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி பை பீட்டா காப்பாவைத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது ரகசியச் சங்கம். உறுப்பினர்களுக்கென்று தனிக் கைகுலுக்கல், சத்தியப் பிரமாணம், பதக்கம் எல்லாம் இருந்தன. கூடி உட்கார்ந்து விவாதம் செய்தார்கள், கட்டுரை படித்தார்கள். படிப்பும் தோழமையும் ஒரே அறையில் இருந்தன. 1831ல் ஹார்வர்டு கிளை ரகசியத்தைக் கைவிட்டது. பை பீட்டா காப்பா மெல்ல மெல்ல மதிப்பெண்ணுக்கான கௌரவமாக மாறிப்போனது. அதற்குள் 1825ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் காப்பா ஆல்ஃபா சங்கம் பிறந்திருந்தது. இன்றைய ஃப்ராட்டர்னிட்டிகளின் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1839க்கும் 1855க்கும் இடையில் பீட்டா தீட்டா பை, ஃபை டெல்டா தீட்டா, சிக்மா கை என்று மூன்று பெரிய அமைப்புகள் தொடங்கின. சடங்கும் ரகசியமும் தோழமையும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன, புத்தகம் இந்தப் பக்கம் நின்றது. பெண்கள் சங்கத்துக்கு "சொராரிட்டி" என்ற பெயர் சிரக்யூஸில் ஒரு லத்தீன் பேராசிரியர் கொடுத்தது.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1997 ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து புள்ளியியல் எம்.எஸ். படிக்க மிட்வெஸ்ட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். வாடகை குறைவு என்று நாங்கள் நான்கு பெண்கள் எடுத்த அபார்ட்மெண்டுக்கு நேர் பின்னால் ஃப்ராட் வீடுகளின் வரிசை. வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடுகள், திண்ணையில் கிழிந்த சோஃபா, வெள்ளிக்கிழமை காலையில் புல்வெளி முழுக்கச் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பைகள். நாங்கள் லேபுக்குப் போகிற நேரத்துக்கு அவர்கள் தூங்கப் போவார்கள். அந்த வீடுகளுக்குள் ஒரு நாளும் நான் காலடி வைத்ததில்லை. மேற்படிப்புக்கு வந்த நமக்கு அந்த உலகத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

ஒரு தடவை மட்டும் அது என் மேஜைக்கே வந்தது. இரண்டாம் வருடம் அடிப்படைப் புள்ளியியல் பாடத்துக்கு டீச்சிங் அசிஸ்டென்டாக இருந்தேன். மிட்டெர்ம் தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். பேட்டரிகளின் ஆயுளைப் பற்றி ஒரு கணக்கு. 49 பேட்டரி சாம்பிள், அதன் வர்க்கமூலம் 7, அந்த 7ஆல் வகுக்க வேண்டும். மூன்று பேர் 6ஆல் வகுத்திருந்தார்கள். மற்ற படிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. 6 எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நேரம் புரியவில்லை. பேராசிரியரிடம் கொண்டு போனேன். அவர் அலமாரியைத் திறந்து போன வருட வினாத்தாளை எடுத்துக் காட்டினார். அதில் 36 பேட்டரி. மூன்று பேரும் ஒரே ஃப்ராட் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டில் பழைய வினாத்தாள்களை டிராயரில் வருட வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்த வாரமே தன் பழைய வினாத்தாள்கள் மொத்தத்தையும் நூலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டார். டிராயருக்கு மதிப்பில்லாமல் போனது.

அன்றிலிருந்து என் மனசில் ஒரு முடிவு. படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தெரு ஆகாது.

2020, 21ல் மகளுக்குக் கல்லூரி தேடினோம். என் கணவர் சொன்னார், "நல்ல ரேங்க் இருக்கிற இடமாப் பார்த்துச் சேர்த்துட்டா இந்தத் தொல்லையே இருக்காது." நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பட்டியலைப் போட்டுத் தேடத் தேடத்தான் அது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது.

எம்.ஐ.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண் மாணவர்களில் கணிசமானவர்கள் ஃப்ராட்டர்னிட்டிகளில் இருக்கிறார்கள். சார்லஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாஸ்டன் நகரத்துப் பழைய மாடி வீடுகளில் பல ஃப்ராட்கள் இருக்கின்றன. 1997ல் ஒரு முதலாண்டு மாணவர் ஃப்ராட் நிகழ்ச்சியில் குடித்து இறந்த பிறகு, 2002லிருந்து முதலாண்டுப் பிள்ளைகள் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும் என்று விதி வந்தது. டார்ட்மத்தில் தகுதியுள்ள மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கல்லூரி இருக்கும் ஹனோவர் என்கிற சின்ன ஊரில் ராத்திரி போக வேறு இடமும் அதிகம் இல்லை. பிரின்ஸ்டனில் ஃப்ராட்டர்னிட்டியைக் கல்லூரி அங்கீகரிப்பதில்லை, ஆனால் ப்ராஸ்பெக்ட் அவென்யூவில் ஈட்டிங் கிளப்கள், அதாவது மாணவர்கள் கூடிச் சாப்பிடும் தனியார் சங்கங்கள், வரிசையாக நிற்கின்றன. சிலவற்றில் நேர்காணல் வைத்து ஆள் எடுக்கிறார்கள். ஹார்வர்டில் ஃபைனல் கிளப் என்கிற தனியார் மாணவர் சங்கங்கள். ஒரு பாலினத்தவரை மட்டும் சேர்க்கும் சங்கங்களில் இருப்பவர்களுக்கு மாணவர் தலைமைப் பதவியோ ரோட்ஸ் உதவித்தொகைக்குப் பரிந்துரையோ கிடையாது என்று 2016ல் ஹார்வர்டு அறிவித்தது. 2020ல், பாலினப் பாகுபாடு பற்றி உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

அதே உயரத்தில் இருக்கும் வேறு கல்லூரிகள் நேர் எதிர். வில்லியம்ஸ் கல்லூரி 1962லேயே ஃப்ராட்டர்னிட்டிகளை ஒழிக்க முடிவு செய்தது. ஆம்ஹெர்ஸ்ட் 1984ல், போடொயின் 1997ல் அதே முடிவுக்கு வந்தன. ரைஸிலும் கால்டெக்கிலும் இந்த அமைப்பே கிடையாது. மாணவர்கள் கல்லூரி விடுதிக் குடும்பங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். இவை எதுவும் ரேங்கில் பின்னால் போய்விடவில்லை. ஆக ரேங்க் உயர்ந்தால் ஃப்ராட் குறையும் என்றோ, ஃப்ராட் இருந்தால் படிப்பு தாழும் என்றோ கோடு போட முடியாது. புள்ளிகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

என் கணிப்பு என்னவென்றால், கல்லூரியின் பெயருக்குத் தக்கபடி அந்த வீடு செய்கிற வேலை மாறுகிறது. நாற்பதாயிரம் பேர் படிக்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது ஒரு பெரிய கூட்டத்தை நூறு பேராகச் சுருக்கித் தருகிறது. பிள்ளைக்கு ஒரு தெரு கிடைத்த மாதிரி. வேலை தேடும்போது அந்த வீட்டுப் பழைய மாணவர் சிகாகோவிலோ கொலம்பஸிலோ ஒரு போன் எடுத்துப் பேசினால் அதற்கு எடை இருக்கிறது. நூற்றில் ஐந்து பேரைச் சேர்க்கிற பெரிய பெயருள்ள இடத்தில் கல்லூரியின் பெயரே கதவைத் திறந்துவிடும். அங்கே இந்தச் சங்கங்கள் சல்லடையில் சலித்து எடுத்ததை மறுபடி ஒரு சல்லடையில் போடுகின்றன. உள்ளே வந்த பிறகும் தான் இன்னும் வெளியில்தான் இருக்கிறோம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது வலியைப் பற்றி நம்மிடம் யாரும் சொல்வதில்லை.

மகள் 2021ல் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். வகுப்பு தொடங்க ஒரு வாரம் முன்பே போக வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, "ரஷ் போறேம்மா" என்றாள். கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில், போகட்டும், என்னதான் என்று பார்க்கட்டும் என்று விட்டோம்.

ரஷ் என்பது பெண்களுக்கு ஒரு வாரச் சடங்கு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரிசையில் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே ஐம்பது பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பேசுவாள். சில நிமிடத்தில் அடுத்தவள், அப்புறம் இன்னொருத்தி. இப்படி முதல் சுற்றில் எல்லா வீடும். அன்றிரவே வீடுகள் ஒரு பக்கம் பெயர் வரிசை போடும், பெண்கள் ஒரு பக்கம் வீடுகளை வரிசைப்படுத்துவார்கள், கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தும். சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறைந்துகொண்டே வரும். கடைசி நாள் சேர அழைப்பு, அதற்கு பிட் என்று பெயர்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறாள், குரல் எதிரொலித்தது. பன்னிரண்டு வீட்டில் மூன்றுதான் மறுபடி கூப்பிட்டிருந்தன.

"அம்மா, ரெண்டு நிமிஷம்தான் பேசினாங்க. அதுல எப்படிம்மா என்னை வேண்டாம்னு முடிவு பண்ண முடியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லா வருடமும் ஏ வாங்கிய பிள்ளை. அப்படி ஒரு நிராகரிப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. "சாமி, அவங்களுக்கு உன்னைத் தெரியல, அவ்வளவுதான். அழுதுட்டு முகத்தைக் கழுவிக்கிட்டு, கூப்பிட்ட மூணு வீட்டுக்கும் போயிட்டு வா" என்றேன். அதைத்தான் இப்போதும் மற்ற அம்மாக்களிடம் சொல்கிறேன். அதோடு, முன்கூட்டியே பேசி வையுங்கள் என்றும் சொல்கிறேன். அந்தக் காலை வரும் என்று ஜூலையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தால் பாதி வலி குறைந்திருக்கும். அம்மாவும் பாட்டியும் அதே சங்கத்தில் இருந்த பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. 2020க்குப் பிறகு பல சொராரிட்டிகள் அதை எடுத்துவிட்டன. ஆனாலும் அந்த வீடுகளுக்கு எந்தச் செருப்பு, எந்தப் பேச்சு பிடிக்கும் என்று தலைமுறையாகத் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே முதல் தலைமுறை.

ஒரு வீட்டிலிருந்து பிட் வந்தது. பெண்கள் மத்தியில் "டாப் ஹவுஸ்" என்று பெயரெடுத்த வீடு இல்லை, நடுவில் இருப்பது. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நிறையப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் ஒவ்வொரு வீட்டின் சராசரி ஜி.பி.ஏ.வையும், அதாவது நான்குக்குப் போடும் மதிப்பெண் சராசரியை, பொதுவில் வெளியிடுகின்றன. இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கிரீக் லைஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் கிரேட் ரிப்போர்ட் என்று தேடினால் கிடைக்கும். எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் ஆசைப்பட்ட "டாப்" வீடு பட்டியலில் ஒன்பதாவது. மகளைக் கூப்பிட்ட வீடு இரண்டாவது. பேர் வாங்குவதற்கும் மார்க் வாங்குவதற்கும் அங்கே தொடர்பே இல்லை. கல்லூரிக்கு ஒரு ரேங்க் இருக்கிற மாதிரி வீடுகளுக்குள் வேறொரு ரேங்க் ஓடுகிறது, அது யார் யாரோடு பார்ட்டிக்குப் போகிறார்கள் என்பதை வைத்துப் போடுவது.

சரி, நல்ல வீடு, நிம்மதி என்று இருந்தேன். முதல் எட்டு வாரம் வரும் வேலைப்பளுவை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஞாயிறு ராத்திரி சாப்டர் மீட்டிங், அதாவது உறுப்பினர் எல்லாரும் கூடும் கூட்டம். வாரத்தில் இரண்டு நாள் புது உறுப்பினர் வகுப்பு. சனிக்கிழமை ஃபுட்பால். அப்புறம் அக்டோபரில் ஹோம்கமிங், பழைய மாணவர்கள் திரும்பி வரும் விழா. அதற்கு ஊர்வல வண்டி அலங்காரம் செய்ய வேண்டும். கோழிக்கூண்டு வலையின் ஒவ்வொரு ஓட்டையிலும் கலர் டிஷ்யூ தாளைச் சுருட்டிச் சுருட்டிச் செருகுவார்கள். பாம்பிங் என்று பெயர். ஆயிரக்கணக்கான ஓட்டை. புதுப் பெண்களுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. ஒரு புதன்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். இரண்டு உள்ளங்கையும் நீலம், நகக்கண் எல்லாம் சாயம். மறுநாள் எட்டு மணிக்கு ஜெனரல் கெமிஸ்ட்ரி மிட்டெர்ம். 54 வாங்கினாள்.

நான் கொதித்துப்போனேன். வெளியே வந்துவிடு என்று சொல்லத்தான் போன் செய்தேன். அவள் சொன்னது வேறு. அவளுக்கு வீட்டில் "பிக்" என்று ஒதுக்கிய சீனியர், கெமிஸ்ட்ரி மேஜர், அந்த 54ஐப் பார்த்துவிட்டுச் செவ்வாய்தோறும் ராத்திரி வீட்டின் அடித்தள அறையில் அவளோடு உட்கார ஆரம்பித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தன் முதல் வருடம் நினைவிருந்தது. மோல் கணக்கில் இவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். டிசம்பரில் அந்தப் பாடத்தில் பி வந்தது. அந்த மார்க்கைக் கெடுத்ததும் அந்த வீடுதான், தூக்கிவிட்டதும் அந்த வீடுதான்.

அந்த டிராயரைப் பற்றியும் கேட்டேன். இருக்கிறதாம், இப்போது கூகுள் டிரைவில். பேராசிரியர் தானே திருப்பிக் கொடுத்த பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி செய்வதில் தப்பில்லை என்று பிக் சொல்லியிருக்கிறாள். தேர்வு அறையிலிருந்து போனில் படமெடுத்து வந்ததைத் தொடாதே என்றும் சொல்லியிருக்கிறாள். உங்கள் பிள்ளையிடம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாடத்தின் சிலபஸில் விதி எழுதியிருக்கும். மாட்டினால் பெயர் கெடுவது பிள்ளைக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

இந்த கிரேட் ரிப்போர்ட் விஷயத்தில், என் தொழில் புள்ளியியல் என்பதால், ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ரஷ் சமயத்தில், "எங்கள் உறுப்பினர்களின் சராசரி பல்கலைக்கழகச் சராசரியை விட அதிகம்" என்று ஒவ்வொரு வீடும் சொல்லும். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் சேரும்போதே 2.7, 3.0 என்று ஒரு கோடு போட்டுக் கீழே இருப்பவர்களை வடிகட்டிவிட்டுத்தான் எடுக்கிறார்கள். ஏற்கனவே நன்றாகப் படிப்பவர்களைச் சேர்த்துவிட்டு, சேர்ந்ததால் நன்றாகப் படிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அறிக்கையில் புது உறுப்பினர்களின் சராசரியைப் பல இடங்களில் தனியாகப் போடுவார்கள். அந்த வரியைப் பாருங்கள். பழைய உறுப்பினர்களுக்கும் புதியவர்களுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால், முதல் செமஸ்டரில் அந்த வீடு பிள்ளையின் நேரத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு செமஸ்டரோடு நிற்காமல் மூன்று வருட அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

இதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க முயன்ற இரண்டு ஆய்வுகளை ஆர்வத்தோடு படித்தேன். ஒன்று, யூனியன் கல்லூரிப் பொருளாதார நிபுணர்கள் வடகிழக்கில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களை வைத்துச் செய்தது. ஃப்ராட்டர்னிட்டியில் சேர்ந்தால் ஜி.பி.ஏ. சுமார் 0.25 குறைகிறது, ஆனால் பிற்கால வருமானம் சுமார் 36 சதவீதம் கூடுகிறது என்றது. இந்த 36ஐத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மற்றது மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் செய்தது. குறைந்தபட்ச ஜி.பி.ஏ. கோட்டை ஒட்டி மயிரிழையில் மேலே இருந்ததால் சேர முடிந்தவர்களையும், மயிரிழையில் கீழே இருந்ததால் முடியாமல் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு கூட்டமும் மற்றபடி ஒரே மாதிரிதானே! அதிலும் மதிப்பெண் குறைந்தது. வருமானத்தில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆக மார்க் கொஞ்சம் இறங்கும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன, சம்பளத்தில் ஒத்துப்போகவில்லை. ஃப்ராட்டர்னிட்டிகளின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்கிற இரண்டு ஊர்களிலிருந்தே இந்த ஆய்வுகள் வந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எம்.பி.பி.எஸ். மாதிரி இங்கே மெடிக்கல் ஸ்கூல் போக நினைக்கும் பிள்ளைக்கு 0.25 என்பது சின்ன எண் இல்லை. சேல்ஸ், ஃபைனான்ஸ் பக்கம் போகிற பிள்ளைக்கு அது அவ்வளவு வலிக்காது. எந்தப் படிப்பு என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எல்லா கிரேக்க எழுத்தையும் ஒரே கூடையில் போட்டுப் பார்த்த என் பழைய பார்வையை உடைத்தது கார்னெல் கதை. 1906க்குச் சற்று முன்பு அங்கே படித்த கருப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த வருடம் திரும்பி வரவில்லை. ஒதுக்கி வைத்த ஊரில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து படிக்கவும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கவும் கூடினார்கள். அந்தக் கூட்டம்தான் 1906ல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா ஆனது. மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். 1908ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. சென்னையில் பிறந்து பெர்க்லிக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986ல் ஹோவர்டில் சேர்ந்தது அதில்தான். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்து முடிக்கவே தோள் தேவைப்பட்டவர்கள் கட்டிய வீடுகள் இவை.

தெற்காசியப் பிள்ளைகளும் பிறகு தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். 1998ல் டெக்சாஸ் ஆஸ்டினில் டெல்டா எப்ஸிலான் ஸை ஆண்களுக்கும், காப்பா ஃபை காமா பெண்களுக்கும் தொடங்கின. 1999ல் யு.சி.எல்.ஏ.வில் பீட்டா கை தீட்டா. இவற்றில் பலவற்றுக்கு மாளிகை மாதிரி வீடு கிடையாது, அதனால் செலவும் குறைவு. தொழில் சார்ந்தவை இன்னொரு வகை. பிசினஸுக்கு ஆல்ஃபா காப்பா ஸை, மருத்துவத்துக்கு ஃபை டெல்டா எப்ஸிலான். இரண்டும் 1904ல் பிறந்தவை, இன்றைக்கு ஆண் பெண் இருவரும் சேரலாம். இவற்றில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் மகனும் இப்படி ஒன்றில்தான் இருக்கிறான். அவன் போன இடம் பெரிய பெயருள்ளது, முதல் வருடம் யாரையும் சேர்க்க மாட்டார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்து, நண்பர்கள் யார், பாடச்சுமை என்ன என்று தெரிந்த பிறகு முடிவெடுத்தான். அந்த விதி மகளின் கல்லூரியிலும் இருந்திருந்தால் அந்த 54 வந்திருக்காது என்று நினைக்கிறேன். விதி இல்லாவிட்டாலும் பிள்ளை தானே ஒரு வருடம் தள்ளிப்போடலாம், இரண்டாம் வருடத்திலும் பல வீடுகள் சேர்த்துக்கொள்ளும்.

நம்மவர் நடத்துவதுதானே என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. 2013ல் நியூயார்க் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர், ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளின் ஒரு ஃப்ராட்டர்னிட்டி போகோனோ மலைக்கு அழைத்துப் போய் நடத்திய சடங்கில் அடிபட்டு இறந்தார். நான் கல்லூரி படித்த காலத்தில், 1996ல், சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். எங்கள் ஹாஸ்டலில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கே அதே கொடுமைக்கு ஹேஸிங் என்று பெயர். பென்சில்வேனியாவில் 2018லும், எங்கள் ஒஹாயோவில் 2021லும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அலைந்து திரிந்து கடும் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன்படி கல்லூரிகள் ஹேஸிங் விதிமீறலில் சிக்கிய அமைப்புகளின் பெயரை வெளியிட வேண்டும். பிள்ளை ஒரு வீட்டின் பெயரைச் சொன்னால் நான் முதலில் திறப்பது அந்தப் பட்டியலைத்தான். மார்க் அறிக்கை அதற்கு அப்புறம்.

சொராரிட்டி வீடுகளில் பொதுவாக மது கிடையாது. அதனால் பார்ட்டி எல்லாம் ஆண்கள் வீட்டில், அவர்கள் கதவு, அவர்கள் பானம், அவர்கள் மாடி அறைகள். மகள் வைத்திருப்பவர்கள் இதை வெட்கப்படாமல் பேசிவிடுங்கள். தனியாகப் போகாதே, தனியாகத் திரும்பாதே, எந்த நேரம் கூப்பிட்டாலும் திட்ட மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டாள். திட்டவில்லை.

செலவு எங்களுக்கு முதல் வருடம் 2,000 டாலரைத் தாண்டியது. டியூஸ் என்கிற சந்தா, டி-ஷர்ட், போட்டோ என்று சில்லறை சில்லறையாகப் போனதுதான் அதிகம். இரண்டாம் வருடம் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் படித்தேன். பிட் வாங்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கூடவே வீட்டின் செமஸ்டர் காலண்டரையும் கேளுங்கள். எல்லாப் பாடத்தின் தேர்வுத் தேதிகளையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். நாங்கள் இரண்டாவது செமஸ்டரிலிருந்து அப்படித்தான் செய்தோம். தேர்வு இருப்பதால் வீட்டு நிகழ்ச்சிக்கு வர முடியாது என்று சொன்னால் விடுவார்களா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். நல்ல வீடு உடனே "விடுவோம்" என்று சொல்லும். மழுப்பினால் அதுவே பதில்.

மகள் 2025 மே மாதம் பட்டம் வாங்கினாள். அந்த கெமிஸ்ட்ரி பிக் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது பார்மசி படிக்கிறாள். என் கணவர் அவளுக்குத் தன் கையால் பொங்கல் பரிமாறினார்.

பார்க்கிங்கில் என்னைக் கூப்பிட்ட தோழியின் சின்ன மகளுக்கு இந்த வருடம் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அக்காவின் பை பீட்டா காப்பா சான்றிதழ் ஃப்ரேம் போட்டு ஹாலில் தொங்குகிறது. சின்னவள் ரஷ் போகப் போகிறாளாம். போன வாரம் என் மகளோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கிரேட் ரிப்போர்ட், காலண்டர், ஒப்பந்தம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் மகள் சொன்னாள்:

"மூணாவது நாள் காலையில லிஸ்ட் வரும். அப்போ தனியா இருக்காத. என் நம்பருக்குக் கூப்பிடு, நான் முழிச்சிருப்பேன்."